புதுப்பிப்பு: அன்னதானக் கணக்கு கேட்ட விவகாரம்

எங்கள் கிருஷ்ண பக்திக் குழுவில் அன்னதானக் கணக்கைக் கேட்டவரை, ‘வைஷ்ணவ அபராதம்’ (பக்தர்களுக்கு இழைக்கும் குற்றம்) என்று சொல்லி வாயடைத்ததைப் பற்றி முன்பு எழுதி, விலகுவதா இருப்பதா என்று கேட்டிருந்தேன். இருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் புலம்புவதை நிறுத்திவிட்டுச் சிலர் சேர்ந்து கையெழுத்திட்டு நிர்வாகிகளிடம் கடிதம் கொடுத்தோம். யாரையும் திருடர் என்று எழுதவில்லை. ரசீதுகளை மட்டுமே கேட்டோம். மூத்தவர் ஒருவர் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை.

அபராதம் என்று மிரட்டுகிறவர்கள் உலகளாவிய கிருஷ்ண பக்தி இயக்கமான இஸ்கானின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1977இல் அதன் நிறுவனர் பிரபுபாதர் மறைந்தபின் 11 குருமார்கள் உலகையே மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். உள்ளிருந்த பக்தர்களே கேள்வி எழுப்பி, 1987வாக்கில் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார்கள். அவர்களும் தினமும் ஜபமாலை உருட்டியவர்கள்தாம்!

பாதி ரசீதுகள் வந்துவிட்டன. மளிகைக் கடையுடையவை இன்னும் வரவில்லை.