பொருள்: ‘பசுமைக் கூரை’ எங்கள் வட்டாரத்தில் எடுபடவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

மொட்டை மாடித் தளம் முழுவதும் மண் பரப்பிப் புல்லோ செடியோ வளர்த்து வீட்டைக் குளிர்விக்கும் ‘கிரீன் ரூஃப்’ (green roof) முறைக்கு நம் குழு தமிழ்ச்சொல் தேடிவருகிறதல்லவா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய கைப்பிரதியில் அதைப் ‘பசுமைக் கூரை’ என்றே எழுதியிருந்தேன். தண்டையார்பேட்டைக் குடியிருப்பொன்றில், மொட்டை மாடிக்கு நேர் கீழே வசிக்கும் அம்மா ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டியபோது, “கூரையைப் பிரித்துத்தானே தளம் போட்டோம், மறுபடியும் கூரையா?” என்றார். வடசென்னையில் கூரை என்றால் ஓலை, ஓலை என்றால் தீ விபத்து. ‘பசுமை’யோ, 2011இல் அறிவிக்கப்பட்ட, சூரிய விளக்கோடு வீடு கட்டித்தந்த பசுமை வீடுகள் திட்டத்திற்குப் பிறகு அந்த விளக்கைத்தான் நினைவூட்டுகிறது.

புல் வேய்ந்த குடிசையைக் குறிக்கும் ‘புல்வேய் குரம்பை’ என்ற பழந்தொடரிலிருந்து தாங்கள் வருவித்த ‘புல்வேய்மாடம்’ செவிக்கு இனிது. ஆனால் குரம்பையில் வேய்ந்தது காய்ந்த புல். இங்கே புல் உயிரோடிருந்து நீரை ஆவியாக்கி வெப்பத்தை வாங்கிக்கொள்வதாலும், வெயில் கான்கிரீட்டில் நேரே படாததால் இரவில் அது கக்கும் அனல் குறைவதாலும்தான் கீழே படுத்திருப்பவருக்கு உறக்கம் வருகிறது.

‘மாடித்தோட்டம்’ போதும் என்று நம் குழுவிலுள்ள அம்மையார் எழுதியிருந்தார். அது பையும் தொட்டியும். இரண்டு பைகளுக்கு நடுவே தளம் காய்ந்துகொண்டேயிருக்கும். மேலும், அதைப் படித்துவிட்டு வண்ணாரப்பேட்டைப் பழைய வீடொன்றில், மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸில், யாரேனும் மண்ணைக் கொட்டினால் என்னாவது? நீர் ஊறிய சாதாரண மண் 10 செ.மீ. கனத்திலேயே சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். கட்டடத்தின் தாங்குதிறனைப் பார்த்து, நீர்க்காப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு எல்லாம் இட்ட பிறகே மண். எனவே ‘பசுந்தளம்’ என்று முன்மொழிகிறேன்.

*

தம்பி,

தளம் வடமொழிச் சார்புடையது என்பதைக்கூட மன்னிக்கலாம். வில்வதளம் என்னும்போது தளம் இலையாகிறது. உம் பசுந்தளம் பச்சிலை என்றும் பொருள்படும். இன்றைய பிள்ளைகளுக்குத் தளம் என்றால் இணையதளம், உழவருக்கோ ‘பசுந்தளம்’ என்றதும் பசுந்தாள் உரம்தான் நினைவுக்கு வரும். நன்னூல் 136ஆம் நூற்பாவின்படி பசுமை ‘பை’யாகிப் பைங்கூழ் (பசும்பயிர்) வந்ததுபோல் ‘பைங்கூரை’ வரட்டும். ஓலைக்கு அஞ்சி ஒரு நல்ல சொல்லைக் கைவிடுவதா?

*

ஐயா,

ஓலைக்கு அஞ்சுவதற்கு இங்கே காரணம் உண்டு. தங்கள் பச்சிலைத் தடையை ஏற்றுப் பசுந்தளத்தைக் கைவிட்டேன். குழுவில் எழுதிய ஐவரில் மூவர், பெரும்பாலும் களைப்பினால், ‘செடித்தளம்’ என்பதற்கு இசைந்துவிட்டதால், அதுவே அச்சுக்குப் போகிறது. புல் மட்டும் வளர்த்தால் அது செடித்தளம் ஆகுமா என்று அம்மையார் கேட்டிருக்கிறார்; பதில் என்னிடம் இல்லை.