ஏற்றி இறக்கக்கூடிய கிதார் கழுத்து மூட்டு: போல்ட் எத்தனை, எந்தப் பக்கம்?

மரத்தூள்:
வணக்கம். கையால் செய்யும் அகூஸ்டிக் கிதார். ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்) 645 மி.மீ., கழுத்து 14ஆவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்குக் கம்பி) உடலோடு சேருகிறது, 12-53 தந்திகள் (கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). நம்ம சிங்கப்பூர் ஈரத்தில் மேல்பலகை உப்பி ஆக்ஷன் (விரல்பலகைக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) ஏறுவதால், தந்தியைக் கழற்றாமலே கழுத்தைச் சாய்க்கிற மூட்டு வைக்க நினைக்கிறேன். ஹீலில் (உடலோடு சேரும் கழுத்தின் தடித்த அடிப்பகுதி) ஒரு போல்ட் இழுக்க, இன்னொன்று தள்ள வேண்டுமா? அலன் கீ (அறுகோணச் சாவி) வெளியிலிருந்தா, சவுண்ட்ஹோல் (மேல்பலகையின் ஒலித்துளை) வழியாகவா?

ஆறுதந்தி:
கீழே ஒரு போல்ட் போதும். தந்திகள் கழுத்தின் தலைப்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும்போது ஹீலின் அடி உடலை விட்டு விலகும். அதை உள்ளே இழுத்துப் பிடிப்பதுதான் போல்டின் வேலை. வெளியே தள்ளுவதைத் தந்திகளே பார்த்துக்கொள்ளும்.

மேலே விரல்பலகைக்குச் சற்றுக் கீழே, உடலின் உள்கட்டையில் (கழுத்து சேரும் இடத்தில் உடலுக்குள் இருக்கும் மரக்கட்டை) 36 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்6 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு). இவைதான் கீல். இவற்றுக்கு 75 மி.மீ. கீழே எம்6 போல்ட். கணக்கு இப்படி வரும்: போல்டைக் கால் சுற்று முடுக்கினால் ஹீல் 0.25 மி.மீ. உள்ளே போகும், 12ஆவது ஃப்ரெட்டில் ஆக்ஷன் ஏறக்குறைய 0.5 மி.மீ. இறங்கும். அரைச் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் கழுத்துக் கோணமே தப்பு, மூட்டைக் குறை சொல்லக் கூடாது.

தந்திகளின் மொத்த இழுவை சுமார் 73 கிலோ. கீழ் போல்டுக்கு வருவது 15 கிலோ அளவுதான், அதனால் தந்தியைத் தளர்த்தாமலே திருப்பலாம். மேல் ஸ்க்ரூக்கள்தான் பாவம், தந்தி இழுவையும் போல்ட் இழுவையும் சேர்ந்து ஆளுக்கு 44 கிலோ தாங்குகின்றன. நுனி நேரே மரத்தில் பட்டால் சில மாதத்தில் குழி விழுந்து ஆக்ஷன் தானாக மாறும். ஹீல் முகத்தில் 3 மி.மீ. பித்தளைத் தகடு பதித்துவிடுங்கள்.

தகட்டில் ஒரு பக்கம் கூம்புக் குழி, மறுபக்கம் கிடைமட்டமாக வி வடிவக் காடி. இரண்டும் குழியாக இருந்தால் இடைவெளி இம்மி பிசகினாலும் கழுத்து இறுகிக்கொள்ளும். ஸ்க்ரூ நுனியை அரத்தால் உருண்டையாக ராவிவிடுங்கள். ஒரு ஸ்க்ரூவை மட்டும் திருப்பினால் கழுத்து பக்கவாட்டில் நகரும். தந்திகள் விரல்பலகை நடுவில் ஓடவில்லை என்றால் அங்கேயே சரிசெய்யலாம்.

சிங்கைஉளி:
கீ வெளியிலிருந்தே போகட்டும். 1820களில் வியன்னாவில் ஸ்டாஃபர் செய்த கிதார்களிலேயே ஹீலில் துளை போட்டு, கடிகாரச் சாவி மாதிரி ஒன்றால் திருப்பினார்கள். போல்ட் தலையை ஹீலுக்குள் 13 மி.மீ. குழியில் இறக்கி, அடியில் வாஷர் போடுங்கள். மரை உடலின் உள்கட்டையில், பின்பக்கமிருந்து அடித்த டீ-நட்டில் (மரத்தில் பதியும் முட்களுள்ள நட்) பிடிக்கட்டும். இழுக்க இழுக்க அது இன்னும் அழுந்தும். பலர் ஹீலுக்குள் இன்சர்ட் (உள்ளே மரையுள்ள உலோகக் குழல்) முறுக்குகிறார்கள். அங்கே மரத்தின் நார் முனை வெட்டுப்பட்டிருப்பதால் நாளடைவில் பிய்த்துக்கொண்டு வரும்.

ஹீலில் போல்ட் போகும் துளையை நெட்டுவாக்கில் 8 மி.மீ. நீட்டுங்கள், இல்லையென்றால் கழுத்து சாயும்போது போல்ட் வளையும். எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். சாதாரண இரும்பு இங்கே துருவேறி இறுகிவிடும். ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மரத்தூள்:
நன்றிண்ணே. 14ஆவது ஃப்ரெட்டுக்கு அப்பால் உள்ள விரல்பலகையை மேல்பலகையில் ஒட்டலாமா?

ஆறுதந்தி:
ஒட்டினால் மூட்டே அசையாது. 20 ஃப்ரெட் என்றால் அந்த நாக்கு 84 மி.மீ. நீளம், அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். சீசா பலகை மாதிரி அசையும்: ஆக்ஷனை இறக்கினால் நாக்கு நுனி மேலே எழும், ஏற்றினால் மேல்பலகையை நோக்கி இறங்கும். 1 மி.மீ. ஆக்ஷனுக்கு நுனி 0.6 மி.மீ. நகரும். பலகையும் உப்பி வரும் என்பதால் அடியில் 2 மி.மீ., பக்கங்களில் 1 மி.மீ. விடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான். 6 மி.மீ. விரல்பலகை மட்டும் அந்தரத்தில் நின்றால் துவளும், 15ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் சுரம் செத்துப்போகும். கழுத்து மரத்தையே 8 மி.மீ. கனத்தில் நாக்காக நீட்டி, இரண்டு கார்பன் பட்டை (3×6) புதையுங்கள். அந்தக் கனத்துக்காக விரல்பலகையை உயர்த்தினால் பிரிட்ஜையும் (மேல்பலகையில் தந்திகளைப் பிடிக்கும் கட்டை) உயர்த்த வேண்டிவரும். மேல்பலகையிலும் உள்கட்டையிலும் பள்ளம் எடுத்து நாக்கை இறக்குவதுதான் சரி. உள்கட்டையை எல் வடிவில் முன்னால் நீட்டினால் பள்ளத்துக்கு மரம் கிடைக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் ரூட்டர் (மரம் குடையும் மின்கருவி) சத்தம் போடுவதைவிட உளியே நல்லது.

புங்கோல்_சுருதி:
குறுக்கே பேசுகிறேன். இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். பலகை அந்த வேகத்துக்கு ஆடாது, உப்ப நாள்கணக்காகும். கிதார் ஒரே அறையில் இருக்கும் என்றால் உயரம் வேறுபட்ட இரண்டு சேடில் (பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் பட்டை) மாற்றி மாற்றிப் போட்டால் போதும், இத்தனை இரும்பு வேண்டாம். குளிர்சாதன அறைக்கும் திறந்த வீட்டுக்கும் வாரக்கணக்கில் மாறி மாறிப் போகும் கிதாருக்குத்தான் இது லாபம்.

சிங்கைஉளி:
அதுவும் சரிதான். மரத்தூள், செய்வதென்றால், ஆக்ஷனைச் சரிசெய்யும்போது முதலில் ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி), பிறகுதான் இந்தப் போல்ட். போல்ட் மரையில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப் போடுங்கள், இறுகிக்கொள்ளாமல் திருப்பலாம். மரைப்பசை தடவினால் ஒருமுறை திருப்பியதும் அதன் பிடி போய்விடும்.