கங்கோத்ரியிலிருந்து கோமுகம்: ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

கேள்வி:
செப்டம்பர் கடைசியில் நான்கு பேர் கங்கோத்ரி போகிறோம். ஒருவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கோயில் தரிசனம் முடித்து, மறுநாளே கோமுகம் (கங்கையின் தலையாறு பாகீரதி புறப்படும் பனிப்பாறை வாய்) போய் அன்றே இறங்கிவிட முடியுமா? அனுமதி வேண்டுமா? பனிப்பாறை வாயிலேயே தீர்த்தம் எடுக்கலாமா?

பதில் 1:
ஒரே நாள் வேண்டவே வேண்டாம். ஒரு வழிக்கே சுமார் 18 கி.மீ. கங்கோத்ரி ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம், கோமுகம் 4,000 மீட்டரை ஒட்டி. கால் தாங்கினாலும் தலை தாங்காது. கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்குங்கள். பிறகு 14 கி.மீ. நடந்து போஜ்பாசாவில் படுத்து, மறுநாள் விடிந்ததும் கோமுகம் பார்த்துவிட்டு இறங்கலாம்.

கோயிலைத் தாண்டினால் தேசியப் பூங்கா எல்லை. ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. உத்தரகாசி வனத்துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 2 கி.மீ.யில் சாவடி வரும், அங்கே சீட்டைக் காட்ட வேண்டும்.

பதில் 2:
பலர் சொல்லாத இடம் சீர்பாசாவுக்கும் (9 கி.மீ.) போஜ்பாசாவுக்கும் நடுவில். மரநிழல் முடிந்து வெறும் சரளைச் சரிவு. இரவில் உறைந்து பிடித்திருந்த மண் வெயில் ஏறியதும் இளகும், கல் கழன்று உருளும். மேலே பாரல் என்னும் காட்டு ஆடுகள் மேய்ந்தாலும் உருளும். முற்பகலிலேயே தாண்டிவிடுங்கள். படம் எடுக்க அங்கே நிற்காதீர்கள். ஓடைகளும் பிற்பகலில்தான் பெருகும்.

பதில் 3:
தீர்த்தம்: வாய் வரை போகாதீர்கள், சுமார் 500 மீட்டர் தள்ளியே நிற்கச் சொல்வார்கள். ஆறு வெளிவரும் பனிக்குகையின் மேல்விளிம்பு திடீரென்று இடிந்து விழும். வெள்ளை மலையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிய சாம்பல் சுவர், உடைந்த இடத்தில் மட்டும் நீலம் தெரியும். கீழே கரையில் பிடித்தாலும் அதே பாகீரதி. தண்ணீர் கலங்கலாக இருப்பது அழுக்கு அல்ல, பனிப்பாறை அரைத்த கல்மாவு. பாத்திரத்தில் அசைக்காமல் வைத்தால் மெல்லத் தெளியும்.

கேட்டவர்:
நன்றி. மலை நோய்க்கு (உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி) டயாமாக்ஸ் மாத்திரை போடலாமா?

பதில் 1:
வழக்கமான அளவு 125 மி.கி., தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் ஆகாது, பெரியவருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் துணையோடு கீழே இறக்குங்கள்.