நான்கு ஆண்டுகளாக ஒரு கதைகூட எழுதவில்லை: உந்துதலை எங்கே தேடுவது?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி பக்கம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். மற்ற மாதங்களில் இரண்டு ஏக்கர் சொந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரி நாட்களிலும் அதற்குப் பின்னும் ஏழு சிறுகதைகள் எழுதினேன். அவற்றில் ஒன்று ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. அதன் பிறகு நான்கு ஆண்டுகளாக எதுவும் நிறைவு பெறவில்லை. ‘நிறைவு பெறவில்லை’ என்பதுகூடக் கௌரவமான சொல்தான். உண்மையில் எதையும் தொடங்கவே இல்லை.

முயலாமல் இருந்துவிடவில்லை. பிள்ளை தூங்கிய பிறகு நோட்டை விரித்துக்கொண்டு உட்காருவேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிள்ளையார் சுழியும் அன்றைய தேதியும் மட்டுமே தாளில் இருக்கும். மலைப் பக்கம் போய் நான்கு நாள் தனியாகத் தங்கினால் மனம் திறக்கும் என்று ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டுக் கொடைக்கானலுக்கும் போய்வந்தேன். சளி பிடித்ததுதான் மிச்சம்.

என்னைத் தடுப்பது சோம்பல் மட்டுமன்று என்று நினைக்கிறேன். தஞ்சை மண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே, கும்பகோணத்துத் தெருக்களையும் காவிரிப் படித்துறையையும் பாட்டுக் கச்சேரியையும் வெற்றிலைச் செல்லத்தையும் முந்தைய தலைமுறையினர் எழுதித் தீர்த்துவிட்டார்கள் என்ற எண்ணம் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. நானோ அந்தப் படித்துறையில் குளித்து வளர்ந்தவன் அல்லன். எங்கள் ஊருக்கு வருவது ஆற்றின் கிளைக்குக் கிளையாகப் பிரிந்த ஒரு வாய்க்கால். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும் எங்கள் மதகில் தண்ணீரைப் பார்க்கப் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். எழுதும் மனநிலைக்கும் நான் அப்படித்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லாம் அதை எங்கிருந்து பெறுகிறீர்கள்?

மருதம் (மயிலாடுதுறை) எழுதுகிறார்:

தம்பிக்கு வணக்கம். நான் கதை எழுதியவள் அல்லேன்; முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து, எழுத மறுக்கும் பிள்ளைகளை எழுத வைத்தே காலத்தைக் கழித்தவள். ‘மழைக்காலம்’ என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பு முழுவதும் ‘மழை இயற்கையின் கொடை’ என்றே தொடங்கி, நான்காவது வரியில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ‘நேற்றைய மழையில் உங்கள் வீட்டில் எது நனைந்தது?’ என்று கேட்டால் ஒருத்தி பாட்டியின் மாத்திரைச் சீட்டு என்பாள். ஒருவன் அடைகாக்க வைத்திருந்த முட்டைக் கூடை என்பான். அன்றைக்கு மணி அடித்த பிறகும் குனிந்த தலைகள் நிமிராது.

இது நான் கண்டுபிடித்த உத்தியன்று. காதல் வாழ்வைப் பாடும் அகத்திணைக்கு இலக்கணம் சொல்லும் தொல்காப்பியர் பாட்டின் பொருளை மூன்றாகப் பிரிக்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். புணர்தலும் பிரிதலும் ஊடலும் இரங்கலும் போன்ற மன ஒழுக்கங்கள் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்றும், உரிப்பொருளே தலையாயது என்றும் இலக்கணம் கூறும். படிக்கிறவருக்கு அது முற்றிலும் சரி. எழுத உட்காருகிறவரோ நேராக உரிப்பொருளில் கையை வைத்து ‘ஏழை விவசாயியின் துயரத்தை எழுதப் போகிறேன்’ என்று தொடங்கினால் தாள் வெறுமையாகவே கிடக்கும். கருப்பொருள் வழியாக உள்ளே போனால்தான் உரிப்பொருள் எதிரே வரும் என்பது என் எண்ணம். இலக்கண ஆசிரியர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

நீங்கள் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நெல் குவியலுக்கு யார் காவல் படுக்கிறார்கள்? அவர்களுக்குச் சோறு எந்தப் பாத்திரத்தில் வருகிறது? குவியலை மேய வரும் பறவை எது, அதை விரட்டுவது யார்? நிலையத்தின் வாசலில் எந்த மரம் நிற்கிறது? பறைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். நெல் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சலே உங்கள் பறை. ஒரு வாரம் கதை என்ற சொல்லையே மறந்துவிட்டு இவற்றுக்கு மட்டும் விடை எழுதிப் பாருங்கள்.

படி திருத்துபவன் (கும்பகோணம்) எழுதுகிறார்:

அம்மா சொன்னது நல்ல வழி. ஆனால் நண்பரின் சிக்கல் பொருள் கிடைக்காதது என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய எழுத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதே சிக்கல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர் ஊராகத் தலபுராணங்கள், அதாவது கோயில் தலங்களின் பெருமையைச் சொல்லும் செய்யுள் நூல்கள், பாடினார். பல ஊர்களில் அவ்வூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் பாடப்பட்டவை அவை. அவர் செய்யுளைச் சொல்லச் சொல்ல, எதிரே ஒரு மாணவர் ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துக்கொண்டு எழுதினார். எழுத்தாணி காத்துக்கொண்டிருக்கும்போது ‘இன்றைக்கு மனம் ஓடவில்லை’ என்று எப்படிச் சொல்வது? அந்த மாணவர்களுள் ஒருவரான உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை 1940இல் வார இதழில் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து வயது. 1942இல் அவர் மறைந்தபோது அந்நூல் முடிவு பெறாமலே நின்றது. அந்த வயதில், இதழ் ஒன்று வாரந்தோறும் கேட்டு வாங்காமல் இருந்திருந்தால், நமக்கு அதில் பாதியாவது கிடைத்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆகவே, கேட்கிற ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். நானும் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு நண்பரும் ஞாயிறுதோறும் இரண்டு பக்கம் அனுப்பிக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம். பாராட்டவும் கூடாது, திருத்தவும் கூடாது. ‘வந்தது’ என்று மட்டும் பதில் போட வேண்டும். அனுப்பத் தவறியவர் அடுத்த முறை சந்திக்கும்போது டிகிரி காப்பி வாங்கித் தர வேண்டும். மூன்று ஆண்டுகளில் நான் வாங்கிக் கொடுத்த காப்பிக்குக் கணக்கில்லை. ஆனால் அதே மூன்று ஆண்டுகளில் பதினொரு கதைகள் முடிந்திருக்கின்றன; அவற்றில் நான்கு தேறும்.

மதகில் தண்ணீர் வரக் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் தண்ணீர் வந்த பிறகுதான் ஏர் கட்டுகிறார்களா? கோடை மழையில் புழுதி உழுது வைத்து, ஆற்று நீரை நம்பாமல் நேரடி விதைப்புச் செய்கிறவர்கள் கடைமடைக்காரர்கள்தானே. உங்கள் உவமையே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது.

ஒற்றைவரி (சிதம்பரம்) எழுதுகிறார்:

சற்றுக் கடுமையாகக் கேட்பதற்கு மன்னிக்கவும். எழுதாத இந்த நான்கு ஆண்டுகளில் உங்களை வருத்தியது எழுதாமல் போன கதையா, எழுத்தாளர் என்ற பெயர் கிடைக்காமல் போனதா? இரண்டாவது என்றால் அதற்கு இங்கே மருந்தில்லை. முதலாவது என்றால் அவசரமும் இல்லை. எங்கள் ஊரில் வாழ்ந்த மௌனி எழுதியவை மொத்தம் 24 சிறுகதைகள்தான்.

உப்பங்காற்று (வேதாரண்யம்) எழுதுகிறார்:

எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்று நீங்கள் வருந்துவதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூச வைக்க நாள் முழுதும் உப்பு வாருகிறவரின் முழங்காலைப் பற்றி எத்தனை கதைகள் படித்திருக்கிறீர்கள்? டெல்டா என்றாலே படித்துறையும் பச்சை வயலும் என்று நாமே சுருக்கிக்கொண்டோம். ஆறு வந்து சேரும் இடத்தில் இருக்கிற எங்களுக்கு அந்தப் படம் பொருந்தவே பொருந்தாது.

2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் கஜா புயல் எங்கள் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. நான் தையல் கடை வைத்திருப்பவள். அவ்வப்போது கதை எழுதுவேன். ஊரில் எல்லாரும் ‘நீ இதை எழுதியே ஆக வேண்டும்’ என்றார்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு வரியும் வரவில்லை. அழுகை வந்தது, எழுத்து வரவில்லை. பெரிய துயரம் பெரிய எழுத்தைத் தரும் என்பதை நான் அன்றோடு நம்புவதை விட்டுவிட்டேன்.

பிறகு வந்தது எப்படி என்றால், நிவாரணத்துக்காகச் சாய்ந்த மரங்களைக் கணக்கெடுக்க ஒருவர் வந்த நாள் நினைவுக்கு வந்தது. அப்பா அவரோடு தோப்புக்குள் நடந்து ஒவ்வொரு தென்னையாகக் காட்டினார். மூலையில் பாதி வேரோடு சாய்ந்து கிடந்த மாமரத்தின் அருகே போனதும், ‘இதை எழுதாதீர்கள், இது இன்னும் சாகவில்லை’ என்று சொல்லிவிட்டார். பணம் வருமே என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்த மாமரத்தில்தான் என் கதை தொடங்கியது. தொடங்கிய பிறகு நான்கே நாட்களில் முடிந்தது. எனவே மயிலாடுதுறை அம்மா சொல்கிற பட்டியலோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பட்டியல் மட்டும் எழுதினால் அது பட்டியலாகவே இருந்துவிடக்கூடும். அதில் அடங்காமல் வெளியே நிற்பது எது என்று பாருங்கள். நீங்கள் பட்டியல் எழுத்தர்; உங்களுக்கு இது மற்றவர்களைவிட எளிதாகவே கண்ணில் படும்.

கடைமடைக்காரன் (பன்னிரண்டு நாட்களுக்குப் பின்):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சிதம்பரத்து நண்பரின் கேள்வி இரண்டு நாட்கள் தூங்கவிடவில்லை. பெயர் ஆசை எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அது மட்டுமே இல்லை என்பதையும் இப்போது என்னால் சொல்ல முடிகிறது. கும்பகோணத்து நண்பருக்குத் தனியே எழுதியிருக்கிறேன். ஞாயிறு ஒப்பந்தத்தில் மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார். உவமை விஷயத்தில் தோற்றதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா கேட்ட கேள்விகளுக்கு ஒரு வாரம் விடை எழுதினேன். காவல் படுப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது என்பதே முதல் நாள் தெரிந்த செய்தி. மூன்று பருவங்களாக அவரோடு தேநீர் குடித்திருக்கிறேன். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிக் காயப்போடச் சொல்கிறோம். கருவியின் முள்ளைப் பார்க்குமுன்பே, ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்து அது உடையும் சத்தத்தைக் கேட்டுத் தன் முகத்தை மாற்றிக்கொள்கிற முதியவர் ஒருவர் இருக்கிறார். இவையெல்லாம் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

சேராமல் நின்றது வேறொன்று. நான் எழுதுகிற பட்டியலில் விவசாயியின் பெயர், நிலத்தின் விவரம், மூட்டைகளின் எண்ணிக்கை, 40 கிலோ வீதம் எடை, தொகை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எடை போடும் தராசைச் சுற்றிச் சிந்துகிற நெல்லுக்குக் கட்டம் இல்லை. விற்றவருக்கும் அது சொந்தமில்லை, வாங்கியவர் கணக்கிலும் அது ஏறுவதில்லை. நாங்கள் விளக்கை அணைக்கும் நேரத்தில் ஒரு கிழவி துடைப்பத்தோடு வந்து அதை மண்ணோடு கூட்டி அள்ளி, அங்கேயே முறத்தில் புடைத்து எடுத்துக்கொண்டு போவார். மூன்று ஆண்டுகளாக அவர் வருவதைப் பார்த்தும் பார்க்காததுபோல நான் நோட்டை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். இதுவரை நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். அவர் முறத்தைக் கீழே வைக்கும் இடத்தில் கதை நிற்கிறது.

ஓர் உதவி வேண்டும். எங்கள் ஊரில் அதைச் ‘சிந்தின நெல்’ என்று மட்டும் சொல்வோம். மயிலாடுதுறைப் பக்கமும் வேதாரண்யத்துப் பக்கமும் அதற்குத் தனிச்சொல் ஏதேனும் உண்டா? கிழவியின் வாயில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.