ரிக்கற்றின் பின்பக்கம் வாசிக்காதவை வழக்குப் போடக்கூடாதோ?

மல்லிகா
பள்ளிக்கூட விடுமுறைத் திரியில நெடுந்தீவான் அண்ணை எழுதினதை வாசிச்சிட்டு எனக்கு இரவு நித்திரை வரேல்லை. "ஸ்கீ மலைக்குப் போறவை, காயத்துக்கு மலைக்காரர் பொறுப்பில்லை எண்டு போட்டிருக்கிற ரிக்கற்றின்ர பின்பக்கத்தை வாசிக்கவேணும். வாசிக்காமல் ஏறி விழுந்திட்டுப் பிறகு வழக்கு எண்டு அழக்கூடாது" எண்டு எழுதியிருக்கிறார். அதுக்கு ஆக்கள் விருப்பம் வேற போட்டிருக்கினம்.

அண்ணை, அந்தப் பின்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு தெரியுமோ? ஜக்கற் சிப்பில ஒரு கம்பியைக் கொழுவி, ரிக்கற்றை உரிச்சு, கம்பியைச் சுத்தி மடிச்சு ஒட்டுறது. பசையில பசை ஒட்டினாப் பிறகு பின்பக்கம் எண்டு ஒண்டு இல்லை. என்ர மகனுக்கு அப்ப 13 வயசு. பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போனவை. ரிசர் கையில குடுத்தா, பெடியன் ஒட்டினான், அவ்வளவுதான். மேல, கம்பியில தொங்கிற கதிரை லிஃப்டால இறங்கிற இடம் கண்ணாடி மாதிரி ஐஸ் பிடிச்சுக் கிடந்தது. வழுக்கி விழுந்தவன் எழும்ப முதல் அடுத்த கதிரை வந்து அடிச்சு முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சது. நிப்பாட்ட வேண்டியவர் ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டவர். அந்த மலைக் கந்தோரில கேட்டால் அவையும் உங்களை மாதிரித்தான் சொல்லுகினம், பின்பக்கத்தில போட்டிருக்காம்.

நெடுந்தீவான்
தங்கச்சி, பிள்ளைக்கு நடந்தது கவலைதான். ஆனால் நான் நாலு மாரிகாலம் லிஃப்டடியில நிண்டு கதிரை பிடிச்சு ஆக்களை ஏத்தினவன். காலமை முதல் தரம் ஸ்கீச் சப்பாத்துப் பூட்டின ஆள் பின்னேரம் ஜீன்ஸோட கறுப்பு வைரம் போட்ட கடினமான பாதையில நிப்பான். அவன் மரத்தில போய் அடிபட்டால் மலைக்காரன் மரத்தைப் பிடுங்கிறதோ? பனி, பாறை, இறக்கம் எல்லாம் அந்த விளையாட்டோட கூடப் பிறந்தது. அமெரிக்காவில கொலராடோவில 1979இலயே அதுக்கெண்டு தனிச்சட்டம் வந்திட்டுது. பின்பக்கத்தில இருக்கிறதும் அதுதான். நீங்கள் வாசிச்சியளோ இல்லையோ?

மல்லிகா
நான் மரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லை. லிஃப்டைப் பற்றி எழுதினன். மரம் தானா முளைச்சது, லிஃப்டை ஓட்டுறது சம்பளம் வாங்கிற மனிசன்.

கொலராடோ எண்டு நீங்களே தொடக்கினியள், முழுக்கச் சொல்லுங்கோ. 2022இல கிரெஸ்ரெட் பியூற் மலையில 16 வயசுப் பிள்ளை கதிரையில சரியா இருக்க முதல் லிஃப்ட் தூக்கிக்கொண்டு போய், கிட்டத்தட்ட 30 அடி உயரத்தால விழுந்தது. தகப்பன் கையைப் பிடிச்சுத் தாங்கிப் பாத்தும் ஏலேல்லை. அந்தப் பிள்ளைக்கு உடம்பு வழங்காமல் போச்சு. அவையும் படிவத்தில சம்மதிச்சவைதான். அதே கொலராடோ உச்ச நீதிமன்றம் 2024இல என்ன சொன்னது? அரசாங்கம் போட்ட லிஃப்ட் பாதுகாப்பு விதியை மீறினால், கையெழுத்தைக் காட்டித் தப்பேலாது எண்டு. 2025இல ஜூரி 12.4 மில்லியன் டொலர் குடுக்கச் சொன்னது.

நெடுந்தீவான்
அது அமெரிக்கா. இது ஒன்ராறியோ. பின்பக்கம்.

கீதன்
மல்லிகா அக்கா கோவிக்கக்கூடாது. ஒன்ராறியோவில நெடுந்தீவான் அண்ணை சொல்லுறது பிழையில்லை. 2018இல ஸ்னோ வலி, ப்ளூ மவுன்ரின் ரெண்டு மலை வழக்கையும் சேர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வேவரை, அதுதான் வழக்குப் போடமாட்டன் எண்டு குடுக்கிற சம்மதத்தை, செல்லாதாக்கேலாது, இடம் வைச்சிருக்கிறவையின்ர பொறுப்புச் சட்டம்தான் மேல எண்டு. ஆனால் கியூபெக்குக்குப் போனால் கதை தலைகீழ். அங்க சிவில் சட்டக்கோவை 1474ஆம் பிரிவின்படி, உடம்புக்கு வாற காயத்துக்குப் பொறுப்பில்லை எண்டு எழுதி வாங்கவே ஏலாது.

நெடுந்தீவான்
பாத்தியளோ. படிச்ச பெடியனே சொல்லுறான். நன்றி தம்பி.

கீதன்
அண்ணை, நான் பாதிதான் உங்கட பக்கம். கியூபெக்கையும் சேர்த்து வாசியுங்கோ.

சூரிச்சான்
உங்கட கனடாவில இன்னும் ரிக்கற்றுக்குப் பின்னால தேடிக்கொண்டு நிக்கிறியள். சுவிஸில இந்தச் சண்டையே இல்லை. கடும் கவனயீனத்துக்குப் பொறுப்பில்லை எண்டு ஒப்பந்தம் எழுதினால் அது செல்லாது. பாதையைக் காவல் பண்ணவேண்டியது மலைக்காரன், பாதை ஓரத்தால 2 மீற்றர் வரைக்கும் அவன்ர பொறுப்பு. நான் 19 வருசமா ஸ்கீ ஓடுறன், எல்லாம் ஒழுங்கு.

நெடுந்தீவான்
சுவிஸ்காரர் வந்திட்டார். உங்கட ஊரில மலையில விழுந்தால் ஹெலியில ஏத்தினதுக்கு பில் வரும், அதையும் சொல்லுங்கோ.

சூரிச்சான்
காப்புறுதி எடுக்கிறது எங்கட பழக்கம். ஹெலியில வந்து மீட்கிற ரேகா அமைப்புக்கு வருசச் சந்தா கட்டுறம். ஜீன்ஸோட மலைக்குப் போறது உங்கட ஆக்கள்தான், நீங்களே எழுதினியள்.

பனிப்பலகை
எல்லாரும் ஸ்கீக்காரரைப் பற்றியே கதைக்கிறியள். ஒற்றைப் பலகையில சறுக்கிற ஸ்னோபோர்ட் ஓடுறவனை இடிக்கிறது முழுக்க மேலயிருந்து கண்மண் தெரியாமல் வாற ஸ்கீக்காரர். முன்னுக்குப் போறவனுக்குத்தான் வழியுரிமை. அதையும் பின்பக்கத்தில போடச் சொல்லுங்கோ.

நெடுந்தீவான்
பாதை நடுவில குந்தியிருந்து ஃபோன் பாக்கிறது ஆர்? ஸ்னோபோர்ட்காரர். நாலு வருசம் கண்டவன் நான்.

மல்லிகா
பாதையை விடுங்கோ. பின்பக்கத்துக்கு வாறன். பிரிட்டிஷ் கொலம்பியாவில கிரௌஸ் மலை. 2016இல ஒரு ஒஸ்ரேலியப் பெடியன் பாய்ச்சல் மேட்டில பாய்ஞ்சு கழுத்து முறிஞ்சது. அங்கயும் இதே ரிக்கற், இதே பின்பக்கம். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளினது. 2020இல மேல்முறையீட்டில அந்தத் தீர்ப்பை மாத்தி, வழக்கு நடக்கட்டும் எண்டு விட்டினம். ஏன்? காசு குடுத்து ரிக்கற் வாங்கினாப் பிறகு கண்ணில படுற பலகையை முன்னறிவித்தல் எண்டு சொல்லேலாது. வாங்க முதல், தெரியிற மாதிரிச் சொல்லவேணும். அண்ணை, ரிக்கற்றின்ர பின்பக்கம் ரிக்கற் வாங்க முதல் தெரியுமோ பிறகு தெரியுமோ?

நெடுந்தீவான்
அங்க கவுண்டரிலயும் பலகை இருந்தது. அதை ஏன் மறைக்கிறியள்? கண் இருக்கிறவன் வாசிக்கலாம்.

மல்லிகா
அதை வாசிச்சதாப் பெடியனுக்கு நினைவில்லை. அது போதுமோ எண்டு விசாரிக்கத்தானே வழக்கைத் திருப்பி அனுப்பினவை. என்ர மகன் கவுண்டருக்கே போகேல்லை. 13 வயசு. தாய் கையெழுத்து வைச்சாலும் பிள்ளையின்ர வழக்குரிமை போகாது எண்டு அதே மாகாணத்தில 2009இல தற்காப்புக் கலை வகுப்பு வழக்கொண்டில தீர்ப்பிருக்கு. கையெழுத்தே இல்லாத பிள்ளைக்கு நீங்கள் பின்பக்கத்தைக் காட்டுறியள்.

நெடுந்தீவான்
இப்பிடி எல்லாரும் வழக்குக்குப் போனால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ? அமெரிக்காவில வெர்மான்ரில புதுசாப் பழகினவன் பத்தையில தடக்குப்பட்டு விழுந்ததுக்கு 1978இல 15 லட்சம் டொலர். அதோட காப்புறுதிக் கட்டணம் ஏறி மலைக்காரர் எல்லாரும் நடுங்கிப்போச்சினம். இஞ்சையும் சின்ன மலையள் பூட்டினால் உங்கட பிள்ளையள் எங்க பழகிறது? உங்களுக்கு எப்பவும் ஆரையாவது கூண்டில ஏத்தவேணும். போன வருச ஒன்றுகூடல் கணக்கிலயும் இதைத்தான் செய்தியள்.

மல்லிகா
கணக்குக் கேட்டன். இண்டுவரைக்கும் ரசீது வரேல்லை. இப்பவும் கேப்பன். தங்கச்சி எண்டு கூப்பிட்டு என்ர வாயை மூடேலாது.

மட்டுறுத்துநர்
ஒன்றுகூடல் கதைக்கு வேற திரி இருக்கு. இங்கே ஸ்கீ மலை மட்டும்.

பனிப்பலகை
ஸ்கீ மலை எண்டால் ஸ்னோபோர்ட்டும் சேர்த்திதானே? என்ர கேள்விக்கு ஒருத்தரும் பதில் தரேல்லை.

மல்லிகா
நெடுந்தீவான் அண்ணை, நாலு மாரிகாலம் லிஃப்டடியில நிண்டனீங்கள். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இறங்கிற இடத்தில பிள்ளை விழுந்தால் நீங்கள் என்ன செய்வியள்?

நெடுந்தீவான்
சிவப்புப் பொத்தானை அமத்துவன். அது வேலை. அது வேற, இது வேற.

மல்லிகா
அது வேற இல்லை. அதுதான் முழுக் கதையும். நீங்கள் அமத்துவியள், அண்டைக்கு நிண்டவர் அமத்தேல்லை. அமத்தாததுக்கும் பின்பக்கத்தில எழுதிக்கிடக்கோ?

நெடுந்தீவான்
"பணியாளர் கவனயீனம் உட்பட" எண்டு எழுதிக்கிடக்கும். அதுக்குத்தான் வாசிக்கச் சொல்லுறன்.

மல்லிகா
அந்த ஜக்கற் இன்னும் மேல அறையில தொங்குது. இப்ப போய் ரிக்கற்றைக் கத்தரிக்கோலால வெட்டி விரிச்சுப் பாத்தன். பசையோட எழுத்துப் பாதி கிழிஞ்சு வந்திட்டுது, மிச்சத்தை ஃபோன் வெளிச்சம் பிடிச்சும் வாசிக்கேலாமல் கிடக்கு. படம் போட்டிருக்கிறன். வாசிச்சுச் சொல்லுங்கோ.

நெடுந்தீவான்
படம் தெளிவில்லை. ஆனால் முன்பக்கத்தில, கீழ் மூலையில, "பின்பக்கம் பார்க்கவும்" எண்டு இருக்கு. அது வடிவாத் தெரியுது.