நகராட்சி பெண்கள் தொடக்கப்பள்ளில ஒண்ணாவது சேக்கலாமா? நாள் முழுக்க உள்ள என்னதான் நடக்குது?

பாப்பாஅம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இப்ப தனியார் நர்சரில யூகேஜி, வர்ற ஜூன்ல ஒண்ணாவது. வீட்லேந்து ரெண்டு தெரு தள்ளி நகராட்சி பெண்கள் தொடக்கப்பள்ளி இருக்கு, அஞ்சாவது வரைக்கும். இப்ப இருக்கற எடத்துல பீஸு, வேன், புக்கு, ஆண்டு விழா டிரஸ்னு கட்டிக் கட்டி முடியல, அது ஒரு காரணம். ஆனா அது மட்டும் இல்ல. இவ சண்டே மண்டேன்னு இங்லீஷ்ல மூச்சு விடாம ஒப்பிக்கறா, நேத்து என்ன கிழமைடின்னு கேட்டா முழிக்கிறா. நோட்டு ரொப்பி அனுப்பறாங்க, தலைல எதுவும் ஏறுன மாதிரி தெரியல.

மாமியாருக்கு சுத்தமா புடிக்கல, "ஊர் என்ன சொல்லும், கதியத்தவங்க தான் அங்க விடுவாங்க"ங்கறாங்க. வீட்டுக்காரர் வேற மாதிரி, பொம்பளப் புள்ளைங்க கூடவே படிச்சா கூச்ச சுபாவமாவே இருந்துடும்னு அவருக்கு ஒரு நெனப்பு. எனக்கு கவல ரெண்டுதான், பாடம் ஒழுங்கா நடக்குமா, பாத்ரூம் எப்படி இருக்கும். பொண்ணோ டீச்சர்கிட்ட கேக்கவே பயந்துகிட்டு யூரின் அடக்கிட்டு வர்ற டைப். பிள்ளைங்கள அந்த மாதிரி ஸ்கூல்ல விட்டவங்க, அங்க வேல பாக்கறவங்க யாராச்சும் இருந்தா நல்லது கெட்டது ரெண்டும் சொல்லுங்க. அரசுப் பள்ளிய காப்போம்னு கோஷம் மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.

சாக்பீஸ்டீச்சர் எழுதியது:

நான் இடைநிலை ஆசிரியை, நகராட்சி பெண்கள் ஸ்கூல்ல தான், உங்க ஊர் இல்ல. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சிஸ்டர், போர்டுல பெண்கள்னு இருந்தாலும் உள்ள ஆம்பளப் பசங்களும் இருக்கலாம். எண்ணிக்கை குறைய ஆரம்பிச்சதும் நெறைய எடத்துல அக்கா கூட தம்பியையும் சேத்துக்கறாங்க, போர்ட மாத்தறது மட்டும் யாருக்கும் தோணாது. எங்க ஸ்கூல்ல பொண்ணுங்க மட்டும்தான்.

காலைல எட்டு மணிக்கெல்லாம் புள்ளைங்க வந்துடும், காலை உணவு இருக்கு இல்லையா. 2023 ஆகஸ்ட் 25 திருக்குவளைல ஆரம்பிச்சு எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் கொண்டு வந்தாங்களே அது. கிச்சடி, பொங்கல் சாம்பார், உப்புமான்னு மாறி மாறி வரும், சுய உதவிக் குழு அக்காங்க சமைக்கறாங்க. இத ஏதோ இலவசம்னு பாக்கறவங்க இருக்காங்க, கிளாஸ்ல நிக்கறவங்களுக்குத் தான் தெரியும் வித்தியாசம். முன்னாடி பிரேயர்ல வெறும் வயித்தோட நின்னு மயங்கி விழற புள்ளைய தூக்கிட்டு ஓடிருக்கோம், முதல் பீரியட்ல பாதி பேரு கண்ணு சொருகும். இப்ப பதினோரு மணி வரைக்கும் தெம்பா கத்துறாளுங்க, நமக்குத்தான் தொண்ட போகுது.

பாடத்துக்கு வர்றேன். 2022லேந்து எண்ணும் எழுத்தும்னு ஒண்ணு ஓடுது, கொரோனால ரெண்டு வருஷம் ஸ்கூலே இல்லாம பாதிப் புள்ளைங்களுக்கு எழுத்தே மறந்து போச்சு, அதுக்காக வந்தது. மொதல்ல ஒண்ணுலேந்து மூணாவது வரைக்கும், அப்புறம் நாலு அஞ்சுக்கும் வந்துச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு உக்கார வைப்போம், மூணாவது வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியலன்னா அவள அரும்புல வச்சு திரும்ப ஆரம்பிக்கணும். உங்க பொண்ணு ஒண்ணாவதுங்கறதால எப்படியும் அரும்பு தான். பாட்டு, கதை, பொம்மலாட்டம், அட்டைன்னு போகும், தனியா பயிற்சிப் புத்தகம் உண்டு. நோட்டு ரொம்பி வராது. அத பாத்து "ஒண்ணுமே சொல்லித் தர்றதில்ல"ன்னு சண்டைக்கு வர்ற அம்மாங்க வருஷா வருஷம் உண்டு.

உண்மைல எங்க நேரம் போகும்னா இதுல: "தேன்" எழுதச் சொன்னா முக்காவாசி புள்ள மொதல்ல த போட்டு அப்புறம் கொம்ப போடும். தப்புன்னு சொல்ல முடியாது, காதுல த் தானே முன்னாடி விழுது, எழுதும்போது கொம்பு முன்னாடி வரணும்னு கைக்குப் பழகறதுக்கு வாரக்கணக்கா ஆகும். மணல்ல எழுதி, ஸ்லேட்ல எழுதி, ஒருத்தி முதுகுல இன்னொருத்தி வெரலால எழுதி கண்டுபிடின்னு விளையாடி அப்படியே வரும். கணக்குல இதே கததான், இருபத்தி மூணு எழுதுன்னா 203னு எழுதுவா. இருபது, மூணு, ரெண்டையும் கேட்டபடி எழுதிட்டா, அவ்ளோதான். பத்து பத்து குச்சியா ரப்பர் பேண்ட் போட்டு ரெண்டு கட்டும் மூணு உதிரியும் கைல குடுத்தா புரிஞ்சுக்குவா. ஒப்பிக்க வச்சு இத சரி பண்ண முடியாது. நர்சரில நூறு வரைக்கும் சொல்லிட்டு வர்ற புள்ளைங்ககிட்டயும் இத நான் பாத்திருக்கேன்.

பாத்ரூம் நல்லா கேட்டீங்க. பொண்ணுங்க தண்ணியே குடிக்க மாட்டாளுங்க, குடிச்சா போகணும்ல, அதான். இப்ப 11, 1, 3 மணிக்கு தண்ணி குடிக்க தனி மணி அடிக்கறோம். சின்னதுங்கள ரெண்டு ரெண்டு பேரா கைகோத்து அனுப்பினா பயம் போயிடும், கேக்கவும் வேணாம், மணி அடிச்சா போகலாம்னு அதுங்களுக்கே தெரியும். ஆனா பாத்ரூம் சுத்தம் ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், தூய்மைப் பணியாளர் தெனம் வர்றாங்களாங்கறத பொறுத்தது. நேர்ல போய் கதவத் தொறந்து பாருங்க, உள்தாழ்ப்பாள் இருக்கா, வாளி மக்கு இருக்கா, குழாய்ல தண்ணி வருதா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சொன்னா அதுவே உங்களுக்குப் பதில்.

டெல்டாக்காரன் எழுதியது:

டீச்சர் சொல்றது ஒரு நல்ல ஸ்கூல். எல்லாமே அப்படி இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்கு. என் பொண்ண ரெண்டாவது வரைக்கும் இதே மாதிரி ஒரு பள்ளில (பேர் வேண்டாம்) வச்சிருந்துட்டு மாத்துனேன். டீச்சர்ங்க மேல கோவமே இல்ல, தங்கமானவங்க, ஆனா மொத்தமே ரெண்டு பேரு, அஞ்சு கிளாசு. 60 புள்ளைக்குள்ள இருந்தா ரெண்டு டீச்சர் தான், கல்வி உரிமைச் சட்டத்துலயே கணக்கு அப்படித்தான் இருக்கு. அதுல ஹெச்எம்மும் ஒருத்தர், அவங்களுக்கு மீட்டிங், பயிற்சி, எமிஸ்ல (புள்ளைங்க விவரம் வைக்கற அரசு வெப்சைட்) ஏத்தற வேல. அவங்க வெளிய போனா மிச்ச ஒருத்தர் அஞ்சு கிளாசையும் ஒரே ஹால்ல வச்சு மேய்ச்சுகிட்டு இருப்பாங்க, அன்னிக்கு பாடம்லாம் ஒண்ணும் கெடையாது, பெரிய புள்ளைங்க சின்னதுக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்கும். அதனால கட்டடம், பெயிண்ட், ஸ்மார்ட் போர்டு இதெல்லாம் பாத்து மயங்காதீங்க, எத்தன டீச்சர், எத்தன புள்ள, ஒண்ணாவதுக்கு யாரு, அவங்க அடுத்த வருஷம் இருப்பாங்களா, இத மட்டும் கேளுங்க. மே மாசக் கலந்தாய்வுல டிரான்ஸ்பர்ல போயிட்டா பதில் ஆள் வர்றதுக்குள்ள காலாண்டு முடிஞ்சிடும்.

ரிப்பன்_ரெட்டஜடை எழுதியது:

நான் தொண்ணூறுகள்ல இதே மாதிரி பெண்கள் தொடக்கப்பள்ளில படிச்சவ, இப்ப நர்ஸா இருக்கேன். உங்க வீட்டுக்காரர் பயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். ஆறாவது கோ-எட் போனப்பதான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது, பெஞ்ச் தூக்க, மணி அடிக்க, ஹெச்எம் ரூம்லேந்து சாக்பீஸ் டப்பா வாங்கிட்டு வர எல்லாத்துக்கும் "டேய் ரெண்டு பசங்க வாங்கடா"ன்னு தான் கூப்புடறாங்க, கோலம் போட மட்டும் எங்கள. எங்க பழைய ஸ்கூல்ல மணி அடிச்சது நாலாவது படிக்கற ஒரு குட்டி, எட்டாம எம்பி எம்பி அடிப்பா. கொடி ஏத்த கயிறு கட்டறதும் நாங்கதான், சத்துணவுக்கு வரிசை நிக்க வச்சு அதட்டறதும் நாங்கதான், கபடில முட்டி பேத்துகிட்டதும் நாங்கதான். கூச்சமா, எங்க கிளாஸ்ல வாயாடாத ஒருத்தியத் தேடணும். ஆனா பசங்களோட பேசவே தெரியாம வளந்துடுவாளோன்னா, தெருவுல, சொந்தத்துல பசங்க இல்லாமலா இருக்காங்க, பத்து வயசு வரைக்கும் அது ஒரு பிரச்சினையே கெடையாது.

ஒரே ஒரு தொல்லை, பேன். சாமி சத்தியமா சொல்றேன், ஒரு தலைல இருந்தா எல்லாத் தலைலயும் இருக்கும், ரெட்டஜடை போட்டு ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு கத கேட்டா வேற என்ன ஆகும். வெள்ளிக்கிழம சாயங்காலம் பேன் சீப்பு போட்டு வாருங்க, ஜடைய இறுக்கிப் பின்னி அனுப்புங்க.

(சத்துணவுல இப்ப வாரத்துக்கு அஞ்சு முட்டையாம், சாப்பிடாதவங்களுக்கு வாழப்பழமாம். எங்க காலத்துல முட்டைன்னா எப்பவாச்சும் வர்ற விஷயம், அன்னிக்கு மட்டும் ஒருத்தியும் ஆப்சென்ட் ஆக மாட்டா.)

சும்மா_ஒருத்தன் எழுதியது:

இவ்ளோ யோசிக்க என்ன இருக்கு, ஒண்ணாவதுலேந்து அரசுப் பள்ளில படிச்சாதான் மெடிக்கல் சீட்ல 7.5 சதவீத ஒதுக்கீடு கெடைக்கும், மாசம் ஆயிரமும் கெடைக்கும், கண்ண மூடிட்டு சேருங்க.

சாக்பீஸ்டீச்சர் எழுதியது:

தம்பி, தப்பான தகவல் போடாதீங்க, இத நம்பி முடிவு எடுப்பாங்க. 7.5 உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும். புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ்ல மாசம் 1000 வர்றதும் ஆறாவதுலேந்து தான் கணக்கு, அது இப்ப அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கும் உண்டு. ஒண்ணாவது எங்கன்னு அதுல பாக்க மாட்டாங்க. ஒண்ணாவதுலேந்தே கணக்கு வர்றது டிஎன்பிஎஸ்சி மாதிரி அரசு வேலைல தமிழ் வழில படிச்சவங்களுக்கு தர்ற 20 சதவீத ஒதுக்கீடு, அதுக்குத்தான் ஒண்ணாவதுலேந்து தமிழ் மீடியம்னு சான்றிதழ் கேக்கறாங்க. அரசுப் பள்ளிலயே இங்லீஷ் மீடியம் செக்‌ஷன்ல சேத்தா அதுவும் வராது. அஞ்சு வயசுப் புள்ளைக்கு டிஎன்பிஎஸ்சி பேசறது எனக்கே சிரிப்பா தான் இருக்கு, ஆனா மீடியம் எதுன்னு சேக்கறப்பவே கேப்பாங்க, அதான் சொல்றேன்.

டெல்டாக்காரன் சார் சொன்ன ஈராசிரியர் பள்ளி விஷயம் முழுக்க உண்மை, மறைக்க ஒண்ணும் இல்ல. எங்களுக்கு இப்ப நாலு பேர் இருக்கோம், அதனால தான் நான் மேல எழுதுனதெல்லாம் நடக்குது. ரெண்டு பேரா இருந்தப்ப பாதி கூட நடக்கல.

பாப்பாஅம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வெவரமா எதிர்பாக்கல. நேத்து காலைல போய்ட்டு வந்தேன். 71 புள்ளைங்க, மூணு டீச்சர், ஒண்ணாவது ரெண்டாவது ஒரே டீச்சர், வந்து ரெண்டு வருஷம் தான் ஆச்சாம். பாத்ரூம் ரெண்டு, ஒண்ணுல தாழ்ப்பாள் இல்ல, கேட்டேன், பெத்தவங்க இருக்கற பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல சொல்லிருக்கோம்னாங்க. நான் நின்ன நேரத்துல ஒரு குட்டி டீச்சர்கிட்ட வந்து "நீங்க போர்டுல எழுதுனது தப்பு மிஸ்"னு சொல்லுது, அவங்களும் திரும்பிப் பாத்து, ஆமாடின்னு அழிச்சாங்க. என் பொண்ணு படிக்கற எடத்துல இது நடக்கவே நடக்காது. எனக்கு மனசு அங்க போயிடுச்சு, மாமியார தான் சமாளிக்கணும்.

ஒரே ஒரு டவுட். இப்ப இருக்கற ஸ்கூல்ல மூணாவது டெர்ம் பீஸ் கொஞ்சம் பாக்கி, கட்டாம டிசி தர மாட்டோம்னு சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு.

டெல்டாக்காரன் எழுதியது:

ஒண்ணாவது சேக்க டிசி தேவையே இல்ல சிஸ்டர், பர்த் சர்டிபிகேட், ஆதார், போட்டோ எடுத்துட்டு போங்க. ஒரு பேப்பர் இல்லன்னு புள்ளைய திருப்பி அனுப்பக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. இழுத்தடிக்கற எடம் எமிஸ் நம்பர் தான், பழைய ஸ்கூல் அவங்க லாகின்லேந்து புள்ளைய காமன் பூலுக்கு (எந்த ஸ்கூல்லயும் இல்லாத பொதுப் பட்டியல்) விட்டா தான் புது ஸ்கூல் எடுத்துக்க முடியும். பாக்கிய கட்டிடறது நல்லது, முடியலன்னா ஹெச்எம் கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, வட்டாரக் கல்வி அலுவலகத்துல பேசி எடுத்துக் குடுப்பாங்க. 71க்கு மூணு டீச்சர்னா தைரியமா சேருங்க. ஒண்ணாவது ரெண்டாவது ஒரே டீச்சர்ங்கறது சின்னக் குறைதான், எண்ணும் எழுத்தும்ல எப்படியும் சேத்து தான் உக்காருவாங்க.

ரிப்பன்_ரெட்டஜடை எழுதியது:

அந்தத் தாழ்ப்பாள் விஷயத்துக்கு அடுத்த மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு நீங்களே போங்க, அதுல பாதிப் பேராவது பொம்பளைங்களா இருக்கணும், தலைவரும் ஒரு அம்மாவா தான் இருப்பாங்க. பேசுனா கேப்பாங்க. அதுவரைக்கும் ஒரு கொக்கி வாங்கி மாட்டிடுங்க, அம்பது ரூபா கூட ஆகாது.