எஸ்க்யூஎல் ஆர்பிஜி கம்பைலுக்கு மட்டும் எக்ஸிட் புரோகிராம் ஓடவில்லை, யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சத்துவாச்சாரி ஆர்பிஜி

வணக்கம். வேலூர் பக்கத்தில் இன்னும் ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் பிசினஸ் சர்வர், இப்போது பெயர் ஐபிஎம் ஐ) பார்க்கிறவர்கள் சிலர் இங்கே உண்டு, அதனால் தைரியமாகக் கேட்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியின் ஐபிஎம் ஐ மெஷினை எங்கள் டீம்தான் பார்த்துக்கொள்கிறது. யார் எந்த சோர்ஸை எப்போது கம்பைல் செய்தார் என்று பதிவு வேண்டும் என ஆடிட்டர் கேட்டார். கமாண்டுக்கு எக்ஸிட் பாயின்ட் (கமாண்ட் ஓடும்போது நாம் எழுதிய எக்ஸிட் புரோகிராமை சிஸ்டமே கூப்பிடும் இடம்) இரண்டு இருக்கிறதே, ஒன்று கமாண்டையே மாற்றுவதற்கு, இன்னொன்று ஓடும் கமாண்டை வாங்கிப் பார்ப்பதற்கு மட்டும். நான் இரண்டாவதில் சிஎல்லில் (சிஸ்டத்தின் கமாண்ட் மொழி) ஒரு சின்ன புரோகிராமைக் கட்டி, கமாண்ட் வரியை அப்படியே ஒரு ஃபைலில் எழுதவைத்தேன்.

சாதாரண ஆர்பிஜி (இந்த மெஷினின் புரோகிராம் மொழி) சோர்ஸைக் கம்பைல் செய்யும் கிரியேட் பவுண்ட் ஆர்பிஜி கமாண்டுக்கு ஒவ்வொரு முறையும் பதிவு விழுகிறது. உள்ளே எஸ்க்யூஎல் எழுதிய சோர்ஸுக்கான கிரியேட் எஸ்க்யூஎல் ஆர்பிஜிக்கு விழவே இல்லை. சோர்ஸ் பட்டியல் திரையான பிடிஎம்மில் கம்பைலுக்கான 14 போட்டாலும் சரி, கமாண்ட் லைனில் கையால் அடித்தாலும் சரி, கம்பைல் நன்றாக முடிகிறது, ஃபைல் காலி. இரண்டையும் ஒரே மாதிரிதான் ரெஜிஸ்டர் செய்திருக்கிறேன், எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தும் பார்த்தாயிற்று.

குழப்பம் எங்கே என்றால், செக்யூரிட்டி ஆபீசர் லாகினில் அதே கமாண்டை அடித்தால் பதிவு விழுகிறது! டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் பச்சைத் திரையை (பழைய டெர்மினல் திரை) தொடுவதில்லை, எல்லாம் விஎஸ் கோடில்தான், அவன் கம்பைல் செய்தாலும் விழுகிறது. எங்கள் எல்லோருக்கும் ஒரே குரூப் புரொஃபைல். (அவன் கம்பைல் செய்த புரோகிராம்கள் டெஸ்டில் அப்டேட் செய்யும்போது எஸ்க்யூஎல் 7008 என்ற எரர் வந்து விழுகின்றன, அதைத் தனியாகக் கேட்கிறேன்.)

ஆரணி ஆபரேட்டர்

எக்ஸிட் புரோகிராம் இருக்கும் லைப்ரரிக்கு உங்கள் யூசருக்கு அதாரிட்டி இருக்கிறதா? செக்யூரிட்டி ஆபீசருக்கு எல்லாம் திறந்திருக்கும், அதனால் அங்கே ஓடியிருக்கலாம். பேட்ச் ஜாபின் ஜாப் லாகைப் பாருங்கள்.

சத்துவாச்சாரி ஆர்பிஜி

பார்த்தேன் ப்ரோ. லாகிங் லெவல் 4, செகண்ட் லெவல் டெக்ஸ்ட் வரை வைத்துப் பார்த்தேன், எக்ஸிட் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதாரிட்டி பிரச்சினை என்றால் ஆர்பிஜி கம்பைலுக்கும் விழக்கூடாது, அதுவும் அதே புரோகிராம்தான். பாலாற்றில் தண்ணீர் தேடுகிற மாதிரி இருக்கிறது.

குடியாத்தம் 400

தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவைத்தீர்களே 7008, விடை அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிரியேட் எஸ்க்யூஎல் ஆர்பிஜி கமாண்டில் கமிட் பாராமீட்டரின் (மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதி வேண்டுமா என்பது) டிஃபால்ட் மதிப்பு 'சேஞ்ச்'. ஜர்னல் (மாற்றங்களின் பதிவு) போடாத ஃபைலை அந்த டிஃபால்டில் கம்பைல் செய்த புரோகிராம் அப்டேட் செய்யப் போனால் 7008 வரும். பையனுக்கு வருகிறது, உங்களுக்கு வருவதில்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் கமிட் 'நன்' (அந்த வசதி வேண்டாம்) என்று கையால் போடுகிறீர்களா? இல்லை என்றால், நீங்கள் ஓட்டுவதும் அவன் ஓட்டுவதும் ஒரே கமாண்ட் இல்லை. யாரோ முன்பு சிஸ்டத்தின் சொந்த லைப்ரரியான க்யூசிஸிலிருந்து அந்தக் கமாண்டை ஒரு யுடிலிடி லைப்ரரிக்கு காப்பி எடுத்து, அதில் டிஃபால்டை நன் என்று மாற்றி, அந்த லைப்ரரியை சிஸ்டம் லைப்ரரி லிஸ்டில் (லைப்ரரிகளை எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்) க்யூசிஸுக்கு மேலே வைத்திருப்பார்கள். பழைய ஷாப்புகளில் இது சாதாரணம்.

எக்ஸிட் ரெஜிஸ்ட்ரேஷனில் புரோகிராம் டேட்டா என்று கொடுப்பீர்களே, அதில் முதல் 10 எழுத்து கமாண்ட் பெயர், அடுத்த 10 எழுத்து லைப்ரரி பெயர். நீங்கள் க்யூசிஸ் என்று கொடுத்திருப்பீர்கள். ஓடுவது வேறு லைப்ரரியில் இருக்கும் கமாண்ட், அது சிஸ்டத்தின் கண்ணுக்கு வேறு ஆப்ஜெக்ட். எக்ஸிட்டைக் கூப்பிட்டுத் தோற்கவில்லை, கூப்பிடவே இல்லை, அதனால்தான் ஜாப் லாகில் சத்தமே இல்லை.

அப்புறம் ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது? உங்கள் புரொஃபைலில் இருக்கும், லாகின் செய்ததும் ஓடும் இனிஷியல் புரோகிராமைத் திறந்து பாருங்கள், சேஞ்ச் சிஸ்டம் லைப்ரரி லிஸ்ட் கமாண்ட் இருக்கும். அது பப்ளிக் எக்ஸ்க்ளூட், எல்லோராலும் ஓட்ட முடியாது, ஆகவே அந்தப் புரோகிராம் ஓனர் அதாரிட்டியை அடாப்ட் செய்துகொண்டு ஓடும். சப்மிட் ஜாப் செய்யும்போது சிஸ்டம் லைப்ரரி லிஸ்ட் டிஃபால்டாக கரன்ட், அதாவது உங்கள் திரையில் இருப்பது அப்படியே பேட்சுக்குப் போகும், பிடிஎம் 14-இலும் அதே கதை. செக்யூரிட்டி ஆபீசருக்குப் பெரும்பாலும் இனிஷியல் புரோகிராம் வைப்பதில்லை. விஎஸ் கோட் வருவது சர்வர் ஜாப் வழியாக, அங்கே இனிஷியல் புரோகிராம் ஓடாது. இருவருக்கும் கிடைப்பது க்யூசிஸில் இருக்கும் அசல்.

உங்கள் செஷனில் டிஸ்ப்ளே கமாண்ட் போட்டு எந்த லைப்ரரி வருகிறது என்று பாருங்கள், செக்யூரிட்டி ஆபீசர் லாகினிலும் பாருங்கள்.

சத்துவாச்சாரி ஆர்பிஜி

அண்ணா, அதேதான்! என் செஷனில் ஒரு டூல்ஸ் லைப்ரரி வருகிறது, அங்கே க்யூசிஸ் வருகிறது. காப்பியில் கமிட் நன், டீபக் வியூ சோர்ஸ். இதை யார் செய்தது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த லைப்ரரிக்கும் இன்னொரு எக்ஸிட் ரெஜிஸ்டர் செய்தால் போதுமா?

குடியாத்தம் 400

போதும், இப்போதைக்கு. புரோகிராம் நம்பர் மட்டும் வேறு கொடுங்கள், லோ என்று போட்டால் அதுவே காலியான நம்பரை எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: எஸ்க்யூஎல் ஆர்பிஜி கமாண்டின் பெயர் சரியாக 10 எழுத்து, பவுண்ட் ஆர்பிஜியின் பெயர் 9. பழைய வரியை எடுத்துத் திருத்தும்போது நடுவில் ஸ்பேஸ் தங்கிவிடக் கூடாது, லைப்ரரி பெயர் 11-ஆவது இடத்திலேயே தொடங்க வேண்டும்.

காட்பாடி பச்சைத்திரை

அண்ணன் சொன்ன காரணம் சரி, ஆனால் காப்பியை வைத்துக்கொண்டு அதற்கும் எக்ஸிட் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. ஓஎஸ் ரிலீஸ் ஏற்றும்போது க்யூசிஸில் இருக்கும் கமாண்டுக்குப் புதிய பாராமீட்டர்கள் வரும், காப்பி பழையதாகவே கிடக்கும், யாராவது மறுபடி எடுக்க வேண்டும். கமிட் நன் வேண்டுமென்றால் சோர்ஸிலேயே முதல் எஸ்க்யூஎல் ஸ்டேட்மென்டாக செட் ஆப்ஷன் கமிட் நன் என்று எழுதிவிடுங்கள், பச்சைத் திரையோ விஎஸ் கோடோ, யார் எங்கிருந்து கம்பைல் செய்தாலும் ஒன்றுதான், பையனின் 7008-உம் அதோடு போகும். எல்லா சோர்ஸையும் திருத்திய பிறகு காப்பியை அழியுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இன்னொன்று, ஆடிட்டருக்காக என்றால் எக்ஸிட் எதற்கு? சேஞ்ச் யூசர் ஆடிட்டிங்கில் ஆக்‌ஷன் லெவல் கமாண்ட் என்று கொடுத்தால், அந்த யூசர் ஓட்டும் கமாண்டுகள் ஆடிட் ஜர்னலில் சிடி என்ட்ரியாக விழும், எந்த லைப்ரரியில் இருக்கும் காப்பியாக இருந்தாலும். காப்பி ஆடிட் ஜர்னல் என்ட்ரீஸ் கமாண்டில் சிடி கொடுத்து ஃபைலாக எடுத்துக் கொடுத்துவிடலாம். முதலில் சிஸ்டம் வேல்யூவில் ஆடிட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புரோகிராமர்கள் எழுதிப் பராமரிக்கும் லாக் ஃபைலை விட ஆடிட்டர் அதைத்தான் நம்புவார்.

குடியாத்தம் 400

கம்பைல் மட்டும் வேண்டும் என்றவருக்கு நாள் முழுக்க ஓடும் எல்லாக் கமாண்டும் வந்து குவியும், ஜர்னல் ரிசீவர் டிஸ்கைத் தின்னும். எக்ஸிட்தான் இங்கே அளவானது. செட் ஆப்ஷன் விஷயத்தில் மட்டும் காட்பாடி சொல்வதற்கு என் ஓட்டு.

சத்துவாச்சாரி ஆர்பிஜி

இரண்டாவது எக்ஸிட் சேர்த்தேன், பிடிஎம் 14-இல் பதிவு விழுகிறது. பையனிடம் செட் ஆப்ஷன் சொல்லிவிட்டேன், அவன் சோர்ஸிலிருந்தே தொடங்குகிறோம். ஆடிட் ஜர்னலா எக்ஸிட்டா என்பதை ஆடிட்டரிடமே கேட்டுவிடுகிறேன், டிஸ்க் இடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிரியேட் பவுண்ட் சிஎல்லுக்கும் அந்த டூல்ஸ் லைப்ரரியில் ஒரு காப்பி கிடக்கிறது, அதையும் இப்போதுதான் பார்த்தேன்.